தேரை விழுந்த தேங்காய்

ஆறு ரூபாய் கொடுத்தால் பதினோரு ரூபாய் கிடைக்கும் என்றால் வேண்டாம் என்று சொல்லுகிறவர் யார்? நடுத்தரக் குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசி வழியாக இந்நாளில் வந்து சேருகிற உபதேசங்களில் மிகவும் வசீகரமானது இதுதான். "இன்ன கம்பெனியின் ஷேர் சந்தையில் 6 ரூபாய்க்கு விற்கிறது. அதன் ஐந்தொகையை எடுத்துப் பாருங்கள். கட்டடம், இயந்திரம் ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். நடப்புச் சொத்து மாத்திரமே, கடன்களையெல்லாம் கழித்த பிறகு, ஷேர் ஒன்றுக்கு 11 ரூபாய் இருக்கிறது. நாளைக்கே கம்பெனியை மூடினாலும் உங்களுக்கு 5 ரூபாய் லாபம்!"

உபதேசம் செய்கிறவர் பொய் சொல்லவில்லை. அந்த எண்கள் ஐந்தொகையில் அச்சிட்டபடியே இருக்கின்றன. கீழே ஆடிட்டரின் கையொப்பம் இருக்கிறது. கூட்டலிலும் கழித்தலிலும் பிழை கிடையாது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று பாங்கில் போட்டு வைத்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து இதில் போட்டால் என்ன என்று வீட்டுக்காரருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை, வீட்டுக்கார அம்மாள், "அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் விற்கிறவன் ஏன் விற்கிறான்?" என்று கேட்டால் அது அதைவிட நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் ஐந்தொகையின் முதற்பக்கத்தில் இராது. அதன் பின்னால் பொடி எழுத்தில் வருகிற குறிப்புகளில்தான் இருக்கும்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நடப்புச் சொத்தைக் கணக்கிட்டு ஷேர் வாங்கும் முறை ஏமாற்றுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் பெஞ்சமின் கிரஹாம் என்ற அறிஞர் 1934-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் அதற்கு இலக்கணம் வகுத்தார். அவர் வெறும் ஏட்டுப் படிப்பாளி அல்லர். 1926-ல் 'நார்தர்ன் பைப் லைன்' என்ற கம்பெனியைப் பற்றி அவருக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. 1911-ல் ஸ்டாண்டர்டு ஆயில் என்ற ராட்சஸ ஸ்தாபனத்தைக் கோர்ட்டு உத்தரவின்படி பிரித்தபோது தனியாகப் போன எண்ணெய்க் குழாய்க் கம்பெனிகளில் அது ஒன்று. அதன் ஷேர் சந்தையில் 65 டாலருக்கு விற்றது. கிரஹாம் வாஷிங்டனுக்கு ரயிலேறிப் போய், சர்க்கார் கமிஷனில் அக்கம்பெனி தாக்கல் செய்திருந்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். ஷேர் ஒன்றுக்கு 95 டாலர் மதிப்புள்ள ரயில்வே கடன் பத்திரங்கள் முதலியவை அதன் பெட்டகத்தில் சும்மா கிடந்தன.

பிறகு நடந்ததையும் கேட்க வேண்டும். 1927 ஜனவரியில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஒரு மூலையில் நடந்த பொதுக்கூட்டத்துக்குக் கிரஹாம் போனார். உபரிப் பணத்தை ஷேர்தாரர்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள் என்று தீர்மானம் கொண்டுவர எழுந்தார். அதை ஆமோதிக்க ஒருவரும் இல்லை. கூட்டம் முடிந்துவிட்டது! அடுத்த வருஷம் மற்ற ஷேர்தாரர்களின் வாக்குரிமைச் சீட்டுகளைத் திரட்டிக்கொண்டு சென்று, டைரக்டர் சபையில் இடம் பிடித்த பிறகே ஷேர் ஒன்றுக்கு 70 டாலர் வெளியே வந்தது. சொத்து உண்மையாகவே இருந்தது, பத்திரங்கள் முதல் தரமானவை, தேடியவர் கிரஹாம். அப்படியிருந்தும் இரண்டு வருஷம் பிடித்தது. நம் வீட்டுக்கு வருகிற உபதேசத்தில் இந்தப் பாதிக் கதை விட்டுப் போகிறது.

இன்னொன்றும் விட்டுப் போகிறது. நார்தர்ன் பைப் லைன் வேலை செய்துகொண்டிருந்த கம்பெனி. குழாய்களில் எண்ணெய் ஓடியது, வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். இங்கே சிபாரிசு செய்யப்படுகிற கம்பெனிகளில் பலவற்றுக்குத் தொழில் என்று ஒன்று கிடையாது. இவற்றுக்குத்தான் 'ஷெல் கம்பெனி' என்று பெயர்; தமிழில் ஓட்டுக் கம்பெனி என்று சொல்லலாம். வெளியே ஓடு இருக்கும். உள்ளே பருப்பு இருக்கிறதா என்பது உடைத்தால்தான் தெரியும். தேரை விழுந்த தேங்காயும் கடையில் மற்றத் தேங்காயோடு ஒன்றாகத்தானே அடுக்கியிருக்கிறது?

அமெரிக்க சர்க்கார் 2005-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதி வைத்தது. தொழில் இல்லாமலோ பெயரளவுக்கு மட்டும் தொழில் வைத்துக்கொண்டோ இருக்கிற கம்பெனி. அதன் சொத்தும் ஒன்றுமில்லாமலோ பெயரளவினதாகவோ இருக்கும், அல்லது ரொக்கமும் ரொக்கத்துக்குச் சமமானதுமாகவே இருக்கும். நம் தேசத்தின் 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் 'ஷெல் கம்பெனி' என்ற சொல்லுக்கு விளக்கமே கிடையாது. 455-வது பிரிவில் 'உறங்கும் கம்பெனி' என்று ஓர் ஏற்பாடு மட்டும் இருக்கிறது. பிற்காலத்தில் தொடங்கப்போகும் காரியத்துக்காகவோ, ஒரு சொத்தை வைத்துக்கொள்வதற்காகவோ கம்பெனியைப் பதிவு செய்து, நடமாட்டமில்லாமல் வைத்திருக்க அது இடம் தருகிறது. ஆகவே ஓடு என்றதும் திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய ஆலையை விற்றுவிட்டு, கிடைத்த பணத்தைப் பாங்கில் வைத்துக்கொண்டு அடுத்த தொழிலைத் தேடும் யோக்கியமான கம்பெனியும் ஓர் ஓடுதான்.

தொழில் நடக்கிற கம்பெனியில் நடப்புச் சொத்தைச் சரிபார்க்கப் பல சாட்சிகள் உண்டு. சரக்கு விற்றதற்கு வரி கட்டியிருக்கும். தொழிலாளிக்குச் சம்பளம் போயிருக்கும். மின்சார பில் இருக்கும். வாங்கியவன் சந்தையில் தெரிந்த ஆளாக இருப்பான். ஓட்டுக் கம்பெனியில் இந்தச் சாட்சிகள் ஒன்றும் இல்லை. நடப்புச் சொத்து என்று எழுதியிருக்கிற பத்து வரிகளே முழுக் கம்பெனியும். ஆகையால் அந்த வரிகள் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது இப்போது யார் கையில் இருக்கிறது? கேட்டால் கொடுப்பானா?" என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

'நடப்பு' என்ற அடைமொழியைப் பார்த்து மயங்க வேண்டாம். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணைப்படி, பன்னிரண்டு மாதத்துக்குள் அல்லது வியாபாரத்தின் ஒரு சுற்றுக்குள் பணமாகும் என்று 'எதிர்பார்க்கப்படுகிற' சொத்து நடப்புச் சொத்தாகும். எதிர்பார்க்கிறவர் யார்? கணக்கை எழுதுகிற கம்பெனியின் நிர்வாகிகள்தாம்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடி ஷேர்கள். நடப்புச் சொத்து மொத்தம் 12 கோடி ரூபாய். அதில் ரொக்கமும் பாங்க் இருப்பும் 18 லட்சம். வர வேண்டிய வியாபாரப் பாக்கிகள் 2 கோடியே 50 லட்சம். சரக்கிருப்பு 40 லட்சம். குறுகிய காலக் கடன்களும் முன்பணங்களும் 8 கோடியே 50 லட்சம். இதர நடப்புச் சொத்து 42 லட்சம். கொடுக்க வேண்டிய கடன் ஒரு கோடி. கழித்தால் 11 கோடி. ஷேருக்கு 11 ரூபாய். உபதேசியார் சொன்ன கணக்கு இதுதான்.

ரொக்கத்திலிருந்து தொடங்குவோம். ரொக்கம் ரொக்கந்தானே என்று தோன்றும். ஆனால் ஐந்தொகை என்பது மார்ச்சு 31-ந் தேதி மாலையில் எடுத்த புகைப்படம். கல்யாணப் போட்டோவில் மணப்பெண்ணின் கழுத்தில் இருப்பவை அவ்வளவும் சொந்த நகை என்று யாராவது சொல்ல முடியுமா? இரவல் நகையும் போட்டோவில் நன்றாகத்தான் மின்னும். மார்ச்சு 30-ல் வந்து ஏப்ரல் 2-ல் திரும்பிப் போன பணமும் ஐந்தொகையில் பாங்க் இருப்பாகவே அச்சாகும்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு நம் சர்க்காரே வெளியிட்ட ஒரு கணக்கு உண்டு. தொடர்ந்து இரண்டு வருஷம் அல்லது அதற்கு மேலாகக் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனிகளைக் கம்பெனி விவகார இலாகா 2017-ல் பதிவேட்டிலிருந்து நீக்கத் தொடங்கியது. அவ்வருஷ முடிவுக்குள் நீக்கப்பட்டவை சுமார் 2.26 லட்சம். அவற்றுள் ஏறக்குறைய 5,800 கம்பெனிகளைப் பற்றி 13 பாங்குகள் தந்த விவரத்தை 2017 அக்டோபரில் வெளியிட்டார்கள். 2016 நவம்பர் 8-ந் தேதி, அதாவது பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த தினத்தில், கடன் கணக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அக்கம்பெனிகள் எல்லாவற்றின் இருப்பும் சேர்ந்து 22.05 கோடி ரூபாய். மறுநாள் முதல் பதிவு நீங்கும் வரையில் அவற்றில் போடப்பட்டது 4,573.87 கோடி, எடுக்கப்பட்டது 4,552 கோடி! ஒரே கம்பெனியின் பெயரில் 2,134 கணக்குகள் இருந்தனவாம். இரண்டு முனைகளில் மட்டும் இருப்பைப் பார்த்த ஒருவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமா? மடை வழியாக ஓடிய வெள்ளம் வாய்க்காலின் அளவுக்கோலில் பதியவே இல்லை.

ஆகவே சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியானால் மார்ச்சு 31-ஐ மட்டும் பார்க்காமல் செப்டம்பர் 30-ந் தேதிய ஆஸ்தி பொறுப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வருஷத்துக்கு ஒரு முறை அதை வெளியிட வேண்டியது விதி. பிறகு லாபநஷ்டக் கணக்கில் வட்டி வருமானத்தைப் பாருங்கள். பத்துக் கோடி டிபாசிட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருஷ வட்டி ஐந்து லட்சம் என்று காட்டினால், அந்தப் பத்துக் கோடி எத்தனை நாள் பாங்கில் தங்கியது என்பது நம் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கூடத் தெரிந்துவிடும். பாங்க் இருப்பில் எவ்வளவு ஈடாகக் கட்டுண்டு கிடக்கிறது என்றும் குறிப்பில் எழுதியிருக்கும். கட்டுண்ட பணம் கம்பெனியின் பெயரில் இருந்தாலும் கம்பெனியின் கைக்கு வராது.

வட்டிக் கணக்கு ஒன்றே போதும் என்றும் இருந்துவிட முடியாது. ஹைதராபாத்தின் சத்யம் கம்பெனி ஓட்டுக் கம்பெனி அல்ல. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களும் உலகமெங்கும் வாடிக்கைக்காரர்களும் உள்ள பெரிய ஸ்தாபனம். 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு டைரக்டர்களுக்கு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் 30-ந் தேதிய ஐந்தொகையில் ரொக்கமும் பாங்க் இருப்புமாகக் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டியும் கணக்கில் ஏறியிருந்தது. வர வேண்டிய பாக்கி 2,651 கோடியில் 490 கோடி மிகை. எல்லாம் நடப்புச் சொத்துக்கள் என்பதைக் கவனியுங்கள்! அன்று ஒரே நாளில் அதன் ஷேர் விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் விசேஷக் கோர்ட்டு அவருக்கும் வேறு ஒன்பது பேருக்கும் தண்டனை விதித்தது. அவர்கள் அப்பீல் செய்தார்கள். பாங்கிலிருந்து நேராக உறுதிக் கடிதம் பெறுவதில் ஆடிட்டர்கள் தளர்ச்சி காட்டினார்கள் என்பது அமெரிக்கக் கண்காணிப்பாளர்கள் 2011-ல் கண்ட முடிவு. உலகப் பெயர் பெற்ற ஆடிட்டர்கள் பார்த்த கணக்கே இப்படி என்றால், ஒரு சிறிய அறையில் இயங்கும் ஓட்டுக் கம்பெனியின் கணக்கில் கையொப்பம் இருக்கிறது என்பதனால் மட்டும் என்ன தைரியம் வந்துவிடும்?

நம் கற்பனைக் கம்பெனியின் ரொக்கம் 18 லட்சம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்தது வர வேண்டிய வியாபாரப் பாக்கி. முன்னெல்லாம் இந்தத் தொகையை ஒரே எண்ணாகப் போட்டுவிட்டுப் போய்விடலாம். 2021 ஏப்ரல் முதல் இதில் பெரிய சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. பாக்கியின் வயதைப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஆறு மாதத்துக்குட்பட்டது, ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று. தகராறிலுள்ள பாக்கி தனி. நம் உதாரணத்தில் 2 கோடியே 50 லட்சத்தில் 2 கோடியே 10 லட்சம் மூன்று வருஷத்துக்கு மேற்பட்டது என்று குறிப்பில் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாக விற்பனையே இல்லாத கம்பெனிக்கு மூன்று வருஷமாகப் பணம் கொடுக்காத வாடிக்கைக்காரன்! கடன் கொடுத்தவன் மறந்தாலும் மறப்பான், வாங்கியவன் மறக்கமாட்டான் என்றிருந்தது போய், இங்கே இருவரும் சேர்ந்து மறந்துவிட்டார்கள். மீதி 40 லட்சத்தை வேண்டுமானால் எண்ணலாம்.

சரக்கிருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விற்பனை இல்லாத இடத்தில் சரக்கு ஏன் இருக்கிறது, எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று கேட்டால் போதும். ஆடிட்டர் அறிக்கையின் பிற்சேர்க்கையில், நிர்வாகத்தார் சரக்கை நேரில் சரிபார்த்தார்களா என்று ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும்.

இனி வருவது மர்ம அறை: 'குறுகிய காலக் கடன்களும் முன்பணங்களும்.' நம் கம்பெனியின் 12 கோடியில் எட்டரைக் கோடி இங்கேதான் இருக்கிறது. ஓட்டுக் கம்பெனிகளின் ஐந்தொகைகளைப் படித்துப் பழகியவர்கள் ரொக்கத்தைக் கூட விட்டுவிட்டு முதலில் இந்த வரிக்குத்தான் போவார்கள்.

இது எப்படி வளர்கிறது? கம்பெனி 10 ரூபாய் ஷேரை 100 ரூபாய்க்கு வேறொரு கம்பெனிக்கு வெளியிடுகிறது. பணம் வருகிறது. வந்த பணம் அன்றோ மறுநாளோ மூன்றாவது கம்பெனிக்குக் கடனாகப் போகிறது. அது நாலாவதற்குப் போய், அங்கிருந்து முதலில் பணம் கொடுத்த கம்பெனிக்கே திரும்பி வருகிறது. ஒரு சுற்று முடிந்தது. ஒரு ரூபாய் கூட யாருடைய வீட்டை விட்டும் நிரந்தரமாகப் போகவில்லை. ஆனால் நாலு ஐந்தொகைகளில் சொத்து ஏறியிருக்கிறது! கோவிலில் ஒரே தேங்காயை நாலு பேர் மாற்றி மாற்றி உடைக்கக் கொடுத்து நாலு அர்ச்சனைச் சீட்டுக்கும் கணக்குக் காட்டுவதைப் போன்றது இது. கல்கத்தாப் பக்கத்தில் இத்தகைய காகிதக் கம்பெனிகளுக்கு 'ஜமா கர்ச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரவு செலவு எழுதுவதைத் தவிர வேறு காரியமில்லாத கம்பெனி என்று பொருள். பெயர் வைத்தவருக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

இந்த வரியைச் சோதிக்க நாலு காரியம் செய்யலாம். கடந்த ஐந்து வருஷத்து ஆண்டறிக்கைகளை எடுத்து இந்த ஒரு வரியை மட்டும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பி வரும் என்று எழுதிய எட்டரைக் கோடி ஐந்து வருஷமாக எட்டரைக் கோடியாகவே இருந்தால் அந்த 'நடப்பு' நடக்கவே இல்லை என்று அர்த்தம். அடுத்து, வட்டி வருகிறதா என்று பாருங்கள். வட்டி என்று எழுதியிருந்தால் அது ரொக்கமாக வந்ததா, அல்லது 'சேர்ந்த வட்டி' என்று 'இதர நடப்புச் சொத்'தில் போய்ப் படுத்துக்கொண்டதா என்பதைப் பணப் புழக்கக் கணக்கு காட்டிவிடும். மூன்றாவதாக, ஸ்தாபகர்கள், டைரக்டர்கள், அவர்களைச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்குத் தவணை எதுவும் குறிப்பிடாமலோ, 'கேட்டபோது திருப்புவதாக'ச் சொல்லியோ கொடுத்த கடன் மொத்தக் கடனில் எத்தனை சதவீதம் என்பதை 2021-க்குப் பிறகு குறிப்பில் வெளியிட்டாக வேண்டும். 'கேட்டபோது' என்றால் யார் கேட்பது? கொடுத்தவரும் டைரக்டர், வாங்கியவரும் அவருடைய மைத்துனர் என்றால் அந்தக் கேள்வி ஆயுசு பரியந்தம் கேட்கப்படாது.

நாலாவது சோதனையைப் பலர் கவனிப்பதில்லை. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனிகளோடு ஏதாவது கொடுக்கல் வாங்கல் பாக்கி இருந்தால், பெயரையும் தொகையையும் சொல்லி அதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் 2021-ல் வந்த விதிதான். மேலே சொன்ன இரண்டேகால் லட்சத்துக்குப் பிறகும் நீக்கப்பட்டவை உண்டு. கடன் வாங்கியவன் சட்டப்படி இறந்தே போய்விட்டான். அவன் தர வேண்டியது மட்டும் ஐந்தொகையில் ஜீவித்திருக்கிறது என்ற விந்தையை இந்தக் குறிப்பில் காணலாம். கடன் வாங்கிய கம்பெனிகள் உயிரோடிருந்தாலும், அவற்றின் முகவரிகளை இலாகாவின் தளத்தில் தேடிப் பாருங்கள், காசு செலவில்லை. ஐந்து கம்பெனிகளுக்கும் ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே அறை என்று கண்டால் மேற்கொண்டு படிக்க வேண்டிய சிரமம் இல்லை.

கிரஹாம் தம் 1934-ம் வருஷத்து நூலில், கம்பெனியைக் கலைத்தால் எதற்கு எவ்வளவு தேறும் என்று உத்தேசமாக ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார். ரொக்கத்துக்கு நூற்றுக்கு நூறு. வர வேண்டிய பாக்கிக்கு நூற்றுக்கு 80. சரக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு. மற்றதற்கெல்லாம் 15. சகோதரக் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் என்று அதில் ஒரு தலைப்பே கிடையாது. அவர் கண்ட உலகத்தில் அது எண்ணிக்கைக்குரிய சொத்தாக இருக்கவில்லை போலும்!

அந்த அளவுகோலை நம் கம்பெனிக்கு வைத்துப் பார்ப்போம். ரொக்கம் 18 லட்சம். பாக்கியில் எண்ணத்தக்க 40 லட்சத்துக்கு 80 சதவீதம் 32 லட்சம். சரக்கு 40 லட்சத்துக்கு, அது யாரும் வாங்காத பழைய சரக்கானதால், பாதி போட்டு 20 லட்சம். இதர இனம் 42 லட்சத்துக்கு 15 சதவீதம் என்றால் சுமார் 6 லட்சம். கடன்களும் முன்பணங்களும், அத்தாட்சி கிடைக்கும் வரையில், பூஜ்யம். மொத்தம் 76 லட்சம். கொடுக்க வேண்டிய கடனோ ஒரு கோடி. அதில் ஒரு காசு கூடக் குறையாது. சொத்து ஆவியாகலாம், கடன் ஆவியாவதில்லை. ஆக 24 லட்சம் துண்டு விழுகிறது. ஷேருக்கு 11 ரூபாய் என்று சொன்ன கம்பெனி இதுவே. இதன் ஷேரைத்தான் 6 ரூபாய் கொடுத்து மலிவென்று வாங்கச் சொன்னார்கள்.

விற்கிறவன் ஏன் விற்கிறான் என்ற அம்மாளின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

சர்க்கார் பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்பார்கள். பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது; ஆனால் அந்தப் பார்வை விழும்போது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டு 7-ந் தேதி, பங்குச் சந்தைக் கண்காணிப்புப் போர்டான 'செபி', ஓட்டுக் கம்பெனிகள் என்று சந்தேகிக்கப்பட்ட 331 கம்பெனிகளின் பட்டியலைச் சந்தைகளுக்கு அனுப்பியது. அவற்றின் ஷேர்களை மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் விற்கலாம், வாங்கலாம் என்று உத்தரவாயிற்று. முந்தின நாள் வரையில் அந்த ஷேர்களை வைத்திருந்த ஆயிரக்கணக்கான சாமானியர்கள் கதவடைபட்டு உள்ளே நின்றார்கள். பட்டியலில் உண்மையாகவே தொழில் நடத்துகிற கம்பெனிகளும் இருந்தன. அவற்றில் இரண்டு, அப்பீல் மன்றத்துக்குப் போய், விசாரிக்காமலே உத்தரவு போட்டார்கள் என்று வாதாடி ஆகஸ்டு 10-ந் தேதியே தடை உத்தரவு வாங்கிவிட்டன. நிரபராதிக் கம்பெனிக்கு மூன்று நாளில் மோட்சம் கிடைத்தது. ஓட்டையான கம்பெனியின் ஷேரை வைத்திருந்தவருக்கு மாதம் ஒரு நாள் சந்தை திறந்தும் வாங்க ஆள் வர வேண்டுமே?

சென்னையில் 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது பணம் போட்டிருந்த குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த ஆத்திரத்திலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்க் பிறந்தது. ஆனால் ஆர்பத்நாட்டில் பணம் போட்டவர்கள் எதைப் பார்த்துப் போட்டார்கள்? கட்டடத்தையும் துரையின் பெயரையும் பார்த்துத்தான். பாக்கியின் வயது என்ன, கடன் வாங்கியவர் டைரக்டருக்கு என்ன உறவு என்றெல்லாம் கேட்க அவர்களுக்கு ஒரு காகிதமும் கிடையாது. நமக்கு இன்று அந்தக் காகிதம் சந்தையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலும் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் ஓட்டுக் கம்பெனிக்காரர்களுக்குள்ள பெரிய மூலதனம்.

எல்லாச் சோதனையிலும் தேறி, பாங்கில் பணம் உண்மையாகவே இருக்கிற ஓடு ஒன்று அகப்பட்டால் என்ன செய்வது? அப்போதும் அந்தப் பணம் கம்பெனியுடையது. அதைப் பகிர்ந்து கொடுப்பதும் புதுத் தொழிலில் போடுவதும் டைரக்டர்கள் இஷ்டம். ஷேர்களில் முக்கால் பங்கு ஸ்தாபகர் குடும்பத்தின் கையில் இருந்தால் பொதுக்கூட்டத்தில் அவர்களை எந்தத் தீர்மானத்தாலும் வெல்ல முடியாது. நிர்வாகம் அநீதி செய்கிறதென்று கம்பெனிச் சட்ட டிரிப்யூனலுக்குப் போக நூறு அங்கத்தினர்கள் அல்லது மொத்த அங்கத்தினரில் பத்தில் ஒரு பங்கினர், அல்லது மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு உடையவர்கள் சேர வேண்டும். பத்து வருஷமாக டிவிடெண்டே கொடுக்காத ஓடு, பதினோராம் வருஷம் கொடுக்கும் என்று நம்பி வாங்குகிறவர் கிரஹாமைப் போல இரண்டு வருஷம் அலையவும் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் கிரஹாமுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. 2020-க்குப் பிறகு பல கம்பெனிகள் பொதுக்கூட்டத்தைக் காணொளி மூலம் நடத்துகின்றன. ஒரே ஒரு ஷேர் வைத்திருப்பவரும் முன்கூட்டிப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி கேள்வி கேட்கலாம். "எட்டரைக் கோடி கடன் வாங்கியிருக்கிற ஐந்து கம்பெனிகளின் பெயர் என்ன? சென்ற வருஷம் வட்டியாக ரொக்கத்தில் வந்தது எவ்வளவு?" என்று கேட்டு, அதற்குத் தலைவர் என்ன சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷேர் வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒன்று மட்டும் வாங்கி இந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வருவதற்கு ஆகும் செலவு ஆறு ரூபாயும் தரகும்.